ஜார்ஜியன் வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனில் பழைய வீடு வாங்குவோருக்காகத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு பிழைகள் உள்ளன. அரசின் பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள ஜார்ஜியன் (ஏறத்தாழ 1714 முதல் 1830 வரையிலான காலத்து) வரிசை வீட்டில் முகப்பை மட்டும் தொடக்கூடாது என்பது ஒன்று. செங்கல் சந்துகள் உதிர்ந்தால் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்பது மற்றொன்று.

முதலாவது சட்டத்துக்கே முரண். பட்டியலின் கடைசிப் படியான கிரேடு 2 வீடானாலும் படிக்கட்டு, கணப்பு, கூரையோரச் சுதை வேலை, பின்புறம் எல்லாம் பாதுகாப்பில் அடங்கும். கட்டடத்தின் தன்மையைக் கெடுக்கும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய உரிமையாளர் செய்த கோளாறைச் சீராக்கும்படி வாங்கியவருக்கே நோட்டீஸ் வரலாம்.

சிமெண்ட் விஷயம் இன்னும் மோசம். இவ்வீடுகளில் பலவற்றைக் குத்தகை நிலத்தில் விற்பனைக்காகவே எழுப்பினார்கள். சிக்கனம் சுவருக்குள் ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது அரைக்கல் கனத்தில் நல்ல செங்கல். உள்ளே மலிவான, சரியாக வேகாத கல். நீளப் பக்கம் தெரியும் நீளக்கல்லும், சுவருக்குள் குறுக்கே செல்வதால் முனை மட்டும் தெரியும் தலைக்கல்லும் மாறி மாறி வருவதைப் பார்த்தால் வெளிச்சுவரும் உள்சுவரும் பிணைந்திருப்பதாகத் தோன்றும். ஆனால் தலைக்கற்களில் பல பாதியாக உடைத்து வைத்தவை. உள்சுவரை எட்டவே எட்டா. போதாததற்கு, உள்சுவருக்குள் கிடைவாட்டில் மரச்சட்டங்களும் புதைந்திருக்கும்.

இந்தச் சுவர் ஈரத்தை உள்ளிழுத்து, சுண்ணாம்புச் சந்துகள் வழியே வெளியே விடுவது. சந்தைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் மிருதுவான கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உப்பு கல்லுக்குள் படிகமாகும், குளிரில் நீர் உறையும், கல்லின் முகம் செதிலாகக் கழன்றுவிடும். உள்ளே தங்கும் ஈரம் மரச்சட்டங்களையும் உளுத்துப்போகச் செய்யும்.

சரியான முறை: உதிர்ந்த சந்துகளை மட்டும், அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 20 மி.மீ., கைஉளியால் சுரண்ட வேண்டும். கிரைண்டர் கூடாது; மெல்லிய சந்துகளில் அதன் தகடு கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். தூசியைக் கழுவி, சந்தை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஏறத்தாழ மூன்று பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்புங்கள். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாள் மெதுவாக உலர விடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

முகப்பு வயிறு தள்ளியிருந்தால் முதலில் மேலே பாருங்கள். தீ பரவுவதைத் தடுக்க 1707ஆம் ஆண்டுச் சட்டம் மர இறவாணத்தை ஒழித்துக் கைப்பிடிச் சுவரைக் கட்டாயமாக்கியது. அதனால் கூரை நீர் அந்தச் சுவருக்குப் பின்னாலுள்ள ஈயத்தகட்டு வடிகாலில்தான் ஓடுகிறது. இலை அடைத்தால் நீர் நேரே சுவருக்குள் இறங்கும். மரச்சட்டம் உளுத்து நசுங்க, உள்சுவர் அமிழும். பிணைப்பில்லாத வெளிச்சுவர் பிதுங்கும். இடித்துக் கட்ட அவசரப்பட வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் இரு சுவர்களையும் தைக்க முடியுமா என்பதைப் பழங்கட்டடம் அறிந்த பொறியாளர் சொல்வார். அதற்கும் அனுமதி தேவைப்படலாம்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசியிருந்தால் உடனே பெயர்க்க முனையாதீர்கள். இறுகப் பற்றிய சிமெண்ட் கல்லின் விளிம்பையும் சேர்த்தே பிய்த்துக்கொண்டு வரும். தானாகத் தளர்ந்த இடங்களில் மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வையுங்கள்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பாளர் ஒருவர்,
லண்டன்