ஏரிக்கு அடியில் இருக்கும் ஊர்: தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கோடைச் சுற்றுலா ஒழுங்கு செய்யும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள போடன் ஏரியின் மைனாவ் மலர்த்தீவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, எதிர்க்கரையில் உள்ள உன்டர்ஊல்டிங்கன் என்ற சிற்றூருக்கும் அரை நாள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் வீடுகளை அங்கே பார்க்கலாம். 1922ஆம் ஆண்டு இரண்டு வீடுகளுடன் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் இன்று 23 வீடுகள் உள்ளன.

அவை அனைத்தும் பழங்கால வீடுகளின் மாதிரிகள் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உண்மையான ஊர்கள் ஏரியின் அடிச்சேற்றில் இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள ஆறு நாடுகளில், ஏறத்தாழ கி.மு. 5000 முதல் கி.மு. 500 வரை மக்கள் வாழ்ந்த இத்தகைய 111 இடங்களை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் 18 ஜெர்மனியில் உள்ளன. காற்றுப் புகாத ஈரச்சேறு என்பதால் மரமும் நூலும் மீன்வலையும் கருகிய ஆப்பிள் துண்டும்கூட அழியாமல் கிடைத்திருக்கின்றன. ஒரு கால்மரத்தின் கூர்முனையில் கோடரி பட்ட ஒவ்வொரு வெட்டும் நேற்று வெட்டியதுபோல் தெரியும். அதன் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டு, அந்த மரம் வெட்டப்பட்ட ஆண்டையே ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதே மரத்தை வெளியே எடுத்து வெயிலில் காயவிட்டால் சுருங்கி, வெடித்து, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும்.

அலைகளும் படகுகளின் நங்கூரங்களும் அந்தச் சேற்றை ஏற்கெனவே அரித்து வருகின்றன. சில இடங்களில் துணிவிரிப்பும் சரளைக்கல்லும் பரப்பி அதைக் காக்கிறார்கள். குளிர்காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது கரையோரத்தில் கட்டைகளும் பானை ஓடுகளும் தலைகாட்டுவது உண்டு. அப்போது பிள்ளைகள் எதையும் பிடுங்காமல், பொறுக்காமல், கண்ட இடத்தை அருங்காட்சியகத்தாரிடம் தெரிவிக்கும்படி நீங்கள் சொல்லித்தர வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஜெர்மானிய இனத்தின் தொன்மைப் பெருமைக்குச் சான்று தேடிய நாஜி ஆட்சி, இந்த அருங்காட்சியகத்தையும் தன் பரப்புரைக்குப் பயன்படுத்திக்கொண்டது. தொன்மையைப் பற்றி நிறையப் பேசும் வீடுகளில் வளரும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வரும் கோடைக்கான பயணத் திட்டத்தை முடிவு செய்யும் முன் இந்த வேண்டுகோளை உங்கள் செயற்குழுவில் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்