சேகருக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்கப் பையன் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் விலை கேட்டால் திரும்பி நடக்கத் தோன்றுகிறது. எல்லாம் வழக்கம்போல.

ஜீப்புக்கு முன்னும் பின்னும் ஏர் லாக்கர், அதான் காற்றழுத்தத்தால் ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு, மாட்டப்போவதாக எழுதியிருந்தாய். கோத்தகிரி எஸ்டேட் பாதைக்கு அது வேண்டியதுதான். ஆனால் ஆக்சில் நடுவில் இருக்கும் கிரவுன் பல்சக்கர வேலையைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு, கம்ப்ரசரிலிருந்து லாக்கருக்குப் போகும் காற்றுக் குழாயைப் பற்றி ஒரே வரியில், 'அது சும்மா ஒரு டியூப்தானே' என்று முடித்திருக்கிறாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் ஜீப்பில் பின்பக்கம் மட்டும் லாக்கர் போட்டேன். கிரவுன் செட்டிங்குக்கு ஒன்றரை நாள், குழாய்க்கு அரை மணி நேரம். நைலான் டியூபை சைலன்சர் வளைவை ஒட்டியே இழுத்து, நாலு பிளாஸ்டிக் டை போட்டு முடித்தேன். ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் எண்ணூர் முகத்துவாரத்தில் தெரிந்தவருடைய ஃபைபர் படகை மேட்டுக்கு இழுக்கக் கூப்பிட்டார்கள். லாக்கரைப் போட்டுக்கொண்டு லோ கியரில் இருபது நிமிடம் இழுத்திருப்பேன். வண்டி ஊர்கிறது, அடியில் காற்றோட்டம் இல்லை, சைலன்சர் கொதிக்கிறது. திடீரென்று ஒரு சக்கரம் மட்டும் மணலைத் தோண்ட ஆரம்பித்தது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் போய்விட்டது, லாக்கருக்குக் காற்று இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

அடியில் போய்ப் பார்த்தால் டியூப் சப்பிப்போட்ட ஸ்ட்ரா மாதிரி சப்பையாகி, ஓரத்தில் கிழிந்து சீறிக்கொண்டிருந்தது. மாற்று டியூபும் இல்லை, ஜாயினரும் இல்லை. எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரை நடந்து போனேன். நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர், வயதானவர், டூல் பாக்ஸைக் கிளறி ஏர் ஹாரன் டியூபில் ஒரு முழமும் இரண்டு ஜாயினரும் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ஜீப்புக்கு எதுக்கு தம்பி காத்து?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்துப் பார். நாம் ஷெட்டில் வேலை கற்றுக்கொண்டதே லாரிக்கு அடியில்தான். பிரேக் காற்றுக் குழாய் எப்படிப் போகிறது? சேசிஸ் சேனலுக்கு உள்பக்கமாக, இடைவிடாமல் கிளிப் அடித்து, சூட்டுக்கு எதிர்ப்பக்கமாக. அதை இத்தனை வருடம் பார்த்துவிட்டு என் வண்டியில் மறந்துபோனதுதான் வெட்கம்.

அதனால் உன் வண்டியில் சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் இடத்தை பிரேக் ஹோஸ் காட்டும் வழியிலேயே கொண்டுபோ. ஆக்சில் ஏறி இறங்குவதைக் கணக்குப் போட்டுத்தான் கம்பெனிக்காரன் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறான். ஆனால் பிரேக் ஹோஸோடு சேர்த்துக் கட்டிவிடாதே; ஒன்றையொன்று தேய்த்தால் போவது பிரேக். ஜாக்கியை சேசிஸுக்குக் கொடுத்து, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது நீளம் அள. அப்புறம் வண்டியை இறக்கி, மிச்ச நீளம் ஸ்பிரிங்கிலோ புரொப்பல்லர் ஷாஃப்டிலோ படுகிறதா என்று பார். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்க்காமல் கிளிப்பை முறுக்காதே. ஆக்சில் மேல் போகும் துண்டு மேல்பக்கமாகவே போகட்டும், கீழே தொங்கினால் முதல் கல்லே கொண்டுபோய்விடும். சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. அந்த இடத்துக்கு மட்டும் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

நெளிநெளியான பிளாஸ்டிக் உறை எல்லோரும் போடுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். நம் கடற்கரை மணல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு உப்புத்தாள் மாதிரி டியூபை அறுக்கிறது. உரசும் இடத்தில் மட்டும் பழைய டீசல் ஹோஸைக் கீறி இறுக்கமாகப் போர்த்திவிடுகிறேன். இங்கே பெருச்சாளித் தொல்லை வேறு, அது உனக்கு இல்லை.

டியூபை கட்டிங் பிளேயரால் வெட்டாதே. முனை நசுங்கினால் ஃபிட்டிங் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் கசியும். புது பிளேடால் நேராக வெட்டி, முட்டும்வரை தள்ளி, ஒருதரம் இழுத்துப் பார். மாட்டியதும் லாக்கரை ஆன் செய்து வைத்துக் கொஞ்ச நேரம் காது கொடு. கம்ப்ரசர் நின்றபடி இருந்தால் சரி. சும்மா சும்மா ஓடினால் ஒரு ரூபாய் ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து மூட்டு மூட்டாகத் தடவு, கசியும் இடத்தில் நுரை முட்டை விடும். வெளியே எங்கேயும் முட்டை விடாமல், ஆஃப் செய்யும்போது சோலனாய்டு, அதான் காற்றைத் திறந்து மூடும் வால்வு, கிரவுன் ஆயிலைத் துப்பினாலோ, ஆக்சிலின் மூச்சுத் துளையான பிரீதர் வழியாக ஆயில் வழிந்தாலோ, உள்ளே காற்றை அடைக்கும் ரப்பர் ஓ-ரிங் போயிருக்கிறது. அப்போது கிரவுன் இருக்கும் ஆக்சில் ஹவுசிங்கைத் திறப்பதைத் தவிர வழியில்லை.

காற்றுக் குழாய் உள்ளே போக ஹவுசிங்கில் துளை போடுவதற்கு முன் சாக்பீஸால் குறித்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. ஆயில் மட்டத்துக்கு மேலே, உள்ளே கிரவுன் வீல் உரசாத இடமாக இருக்க வேண்டும். நீ எப்போதும் அவசரப்படுவாய், அதனால் சொல்கிறேன். இரண்டு மீட்டர் டியூபும் நாலு ஜாயினரும் மிண்ட் கடைத்தெருவில் வாங்கி வைத்திருக்கிறேன். பேத்தியைப் பார்க்க வரும்போது கொண்டுவருகிறேன். அதுவரை மாட்டாதே.

உன்,
மணி