செஞ்சிக் கோட்டையில் கைகொடுத்த பெரியவருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி மலையில் பச்சைத் துண்டும் கையில் ஒரு குச்சியுமாக வந்த பெரியவருக்கு இந்த நன்றி. பெயர் கேட்காமல் விட்டது என் மடத்தனம்.

2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து போகணும் போகணும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒருவழியாகத் திண்டிவனத்தில் பஸ் மாறி வந்து சேர்ந்தேன். சுமார் 800 அடிதானே என்று ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஏறினேன். பாதி வழியில் ஒரு குரங்கு அதையும் பிடுங்கி, மூடியைக் கடித்துத் துப்பி, என் கண்ணெதிரே பாறையில் கொட்டியது. துரத்தப் போய் கால் பிசகிவிட்டது.

"அதுகூடப் போயி எதுக்குத் தம்பி சண்டை?" என்று கேட்டுக்கொண்டே உங்கள் துண்டை என் கணுக்காலில் இறுக்கிக் கட்டினீர்களே, ஐயா. உச்சியில் அந்த மரப்பாலத்தையும் அரங்கநாதர் கோயிலையும் பார்க்கவில்லையே என்று வருத்தம்தான். ஆனால் படிப்படியாக என்னைத் தாங்கி இறக்கும்போது, மராத்திய அரசர் ராஜாராம் 1698 வரை முகலாயப் படையை வெளியே காக்கவைத்த கதையைச் சொன்னீர்கள், அப்புறம் தேசிங்கு ராஜாவின் குதிரை பாராசாரி ஏதோ உங்கள் வீட்டுத் தொழுவத்தில் நின்றது மாதிரி பேசினீர்கள் பாருங்கள், வலி பாதி மறந்துபோச்சு.

பணம் நீட்டியதற்கு முறைத்தீர்கள். கடலை மிட்டாய் மட்டும் வாங்கிக்கொண்டீர்கள், அதுவும் பாதி.

துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். கால் சரியானதும் கல்யாண மஹால் பக்கம் வந்து தேடுவேன்.