போஸுக்கு ஒரே வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல குவாண்டம் அறிவியல் பத்தி வந்த கட்டுரைய வீட்டு வளவுல உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன், பிளாங்க், ஐன்ஸ்டீன், ஷ்ரோடிங்கர்னு எல்லாருக்கும் பத்தி பத்தியா எழுதிட்டு நம்ம நாட்டு இயற்பியல் விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ மட்டும் ஐன்ஸ்டீனுக்கு உதவினவருன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு பிசிக்ஸ் எடுத்தவ நான், மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

அவர் உதவியாளர் இல்லீங்க. 1924ல டாக்கா யுனிவர்சிட்டில ரீடரா, அதாவது பேராசிரியருக்கு அடுத்த படில இருந்தாரு, சூடான பொருள்லேருந்து எந்த நிறத்து ஒளி எவ்வளவு வரும்னு சொல்ற பிளாங்க் விதிய பாடம் நடத்துறப்ப அதுவரைக்கும் இருந்த நிரூபணம் அவருக்கே திருப்தியா இல்ல, பாதி பழைய பிசிக்ஸ் பாதி புதுசுன்னு ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கு, சரி ஒளிய முழுக்க முழுக்க துகளாவே வச்சு எண்ணிப் பாப்போம்னு தானே புதுசா ஒண்ணு போட்டாரு. அத ஜூன் மாசம் நேரா ஐன்ஸ்டீனுக்கே தபால்ல அனுப்பினாரு, வயசு 30, கையில டாக்டர் பட்டம் கூட கிடையாது. ஐன்ஸ்டீன் தன் கையாலயே ஜெர்மன்ல மொழிபெயர்த்து, இது முக்கியமான முன்னேற்றம்னு குறிப்பும் சேத்து, அங்க உள்ள பத்திரிகைக்குக் குடுத்தாரு. அதுக்கு அப்புறம்தான் அதே கணக்க ஐன்ஸ்டீன் அணுக்களுக்கும் போட்டுப் பாத்தாரு. யார் யாருக்கு வழி காட்டுனதுன்னு நீங்களே சொல்லுங்க.

அது என்ன கணக்கு ஆயான்னு பேத்தி கேட்டா. எங்க அப்பத்தாவோட பல்லாங்குழிப் பலகைய எடுத்தேன், குழியெல்லாம் கை பட்டுப் பட்டு வழுவழுன்னு இருக்கும். ரெண்டு குழி, ரெண்டு சோழி. ஒரு சோழில மஞ்சத் தடவினேன். ரெண்டும் இந்தக் குழில, ரெண்டும் அந்தக் குழில, மஞ்ச இங்க வெள்ள அங்க, வெள்ள இங்க மஞ்ச அங்க, ஆக நாலு விதம். மஞ்சளத் தொடச்சுட்டு இப்ப எத்தனடின்னேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு மூணு ஆயான்னா. சோழிய என்ன தொடச்சாலும் அது வேற இது வேறதான், அதனால குழிக்கு ஒண்ணா விழறதுக்கு பாதி வாய்ப்பு. ஒளித்துகளுக்கு அப்படி அது இதுங்கறதே கிடையாது, அங்க மூணே வழி, ஒவ்வொண்ணுக்கும் மூணுல ஒரு பங்கு, அப்ப ரெண்டும் ஒரே குழில சேர்ற வாய்ப்பு கூடிருது பாருங்க! இப்படி எண்ணினா பிளாங்க் விதி தானா வந்து நிக்குது. இந்த ஜாதித் துகளுக்குத்தான் இங்கிலாந்து விஞ்ஞானி டிராக், போஸ் நினைவா போஸான்னு பேர் வச்சாரு. 1995ல அமெரிக்காவுல அதே ஜாதியச் சேர்ந்த ருபிடியம் அணுக்கள குளிர வச்சு ஒரே நிலைக்குக் கொண்டுவந்து காட்டினாங்க, 2001ல அந்த வேலைக்கு நோபல் வந்துச்சு. 1974ல காலமான போஸுக்கு அது வரவே இல்ல.

எனக்கு இதவிட பெருசாத் தெரியுறது இன்னொண்ணு. 1948ல நம்ம காரைக்குடில அழகப்பச் செட்டியார் குடுத்த நிலத்துல சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினாரு, அதே வருஷம் கல்கத்தாவுல போஸ் வங்காளத்துலயே அறிவியல் சொல்லணும்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு பத்திரிகையும் கொண்டுவந்தாரு. அவ்வளவு பெரிய ஆள், தாய்மொழில சொல்லித்தர முடியாதுன்னவங்களோட மல்லுக்கட்டிட்டே இருந்தாரு. என் வகுப்புல இங்கிலீஷ்ல டெபினிஷன ஒப்பிச்ச பிள்ளைகளே தமிழ்ல சொன்னதும் எந்திரிச்சு கேள்வி கேட்டத கண்ணால பாத்தவ நான்.

அதனால போஸப் பத்தி தனியா ஒரு கட்டுரை போடுங்க, டாக்கா வகுப்பறைலேருந்து ஆரம்பிச்சு, அவர் எஸ்ராஜ்ங்கற வில் போட்டு வாசிக்கிற தந்தி வாத்தியம் வாசிச்சது வரைக்கும். அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழ்ல திருத்தமும் வேணும். பல்லாங்குழிப் படம் தேவைன்னா சொல்லுங்க, பேத்தி போட்டோ எடுத்து அனுப்பிருவா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கானாடுகாத்தான்