நம் மருத்துவமனைப் பணியாளர் நூலகத்திற்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

காரைக்குடிக்கு அருகில் உள்ள நம் ஊர் மருத்துவமனையில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்பநர்கள், மருந்தாளுநர்கள் ஆகியோர் படித்துத் தேர்வதற்கென ஒரு நூலகம் அமைக்க முடிவு செய்துள்ளோம். நகரத்தார், நாட்டார் பெருமக்களும், வெளியூரிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் வாழும் நம் ஊரார் அனைவரும் இதற்குப் பொருளுதவி செய்ய வேண்டுகிறோம்.

சென்ற ஐப்பசி மழையில் ஓர் இரவு, களத்துமேட்டில் கண்ணாடி விரியன் தீண்டிய ஆறு வயதுச் சிறுவனைத் தூக்கி வந்தார்கள். பணியில் இருந்த இளம் செவிலியர் அவன் இரத்தத்தில் 2 மில்லி எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்திவைத்துச் சாய்த்துப் பார்த்தார். இரத்தம் உறையவில்லை. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டது, பிள்ளை பிழைத்துக்கொண்டான். மறுநாள் காலை அந்தச் செவிலியர் கேட்டவை இரண்டு கேள்விகள். குழந்தைகளுக்கு எடை பார்த்து மருந்தைக் குறைக்கும் நாம், இதை மட்டும் ஏன் பெரியவர்களுக்குரிய அளவிலேயே கொடுத்தோம்? அந்தக் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது என்கிறார்களே, ஏன்?

விடைகள் எளியவைதாம். கடிபடுவது சிறுவன் என்பதற்காகப் பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. மருந்து முறிக்க வேண்டியது உடலில் இறங்கிய விஷத்தை. இரத்தம் உறையத் தொடங்குவது கண்ணாடியின் பரப்பைத் தொடுவதால். சோப்பின் மிச்சம் அதில் படிந்திருந்தால் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று, விஷம் ஏறாதவருக்கும் ஏறியதாகக் காட்டிவிடக்கூடும். இதை அறியாத ஒருவர் அக்கறையோடு குழாயைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி வைப்பார்; அந்த அக்கறையே தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். இந்த விடைகளைத் தரும் புத்தகம் ஒன்றுகூட அன்று நம் மருத்துவமனையில் இல்லை.

இருப்பது ஒரே ஒரு கண்ணாடி பீரோ. அதில் உள்ள செவிலியர் பாடநூல், நின்றுபோன இதயத்தை இயக்குவதற்கு முதலில் மூச்சுப் பாதையைச் சரிசெய்யச் சொல்கிறது. 2010இல் அந்த வரிசை மாறி, பெரியவர்களுக்கு மார்பை அழுத்துவதே முதல் வேலை என்று ஆகிவிட்டது. மருத்துவத்தில் பழைய புத்தகம் பயனற்றது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட. ஆகவே, வீட்டில் இருக்கும் பழைய மருத்துவ நூல்களைத் தர விரும்புவோரின் அன்புக்குத் தலைவணங்கி, அவற்றை அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் என்னும் இணையத்தளம் 1997 முதல் எவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. ஆனால் அதில் கிடைப்பவை பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கங்கள். முழுக் கட்டுரைகளில் பலவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த ஒருவர், ஆயிரக்கணக்கில் வந்து விழும் முடிவுகளில் எது நம்பத்தக்கது, எது நம் நோயாளிக்குப் பொருந்துவது என்று தனியாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாகவே 1931இல் வகுத்தார் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். அமெரிக்காவில் 1971 முதலே நூலகர்கள் மருத்துவர்களோடு வார்டுக்குள் சென்று, எழும் ஐயங்களைக் குறித்துக்கொண்டு விடை தேடித் தந்திருக்கிறார்கள். எனவே திரட்டும் தொகையில் பெரும்பகுதியை, பயிற்சி பெற்ற ஒரு நூலகரின் சம்பளத்திற்கே ஒதுக்க எண்ணியிருக்கிறோம். கட்டடத்தைக் காட்டித்தான் நன்கொடை கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் அறிவுரை கூறினார்கள். ஆயினும் ஆள் இல்லாத நூலகம் பூட்டிய பீரோவாகவே முடியும் என்பதைக் கண்கூடாகப் பார்த்துவிட்டோம்.

அறை தயாராக உள்ளது. பழைய மருந்துக் கிடங்கை மருத்துவமனை ஒழித்துக் கொடுத்திருக்கிறது. தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும், பர்மாத் தேக்கில் செய்த இரண்டு பீரோக்களும் அன்பர்கள் அளித்துவிட்டார்கள். இனித் தேவைப்படுபவை நூலகர் சம்பளம், அண்மைப் பதிப்பு நூல்கள், இதழ்ச் சந்தா, இரண்டு கணினிகள், இரவுப் பணியாளரும் வந்து படிக்கும்படியான விளக்கும் மின்வசதியும். மாதம் ஒருமுறை அங்கேயே வகுப்பு நடத்தவும் எண்ணம். மருத்துவர்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர்கல்வி பெற வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. அவர்களாவது மதுரைக்கோ திருச்சிக்கோ சென்று வருகிறார்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பணிக்கு வரும் செவிலியருக்கு அந்தப் பயணம் எளிதன்று.

300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவர் அழகப்பர். நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சத்தைத் தனியொருவராகத் தேடிச் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. கல்விக்கும் நூலுக்கும் கொடுப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. அன்று வணிகத்தில் அறத்துக்கென ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்ததைப் போல, புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வீட்டில் பேசி முடிவு செய்து, இயன்றதைத் தாருங்கள். மணிவிழா, சாந்தி, பிள்ளைகளின் பிறந்தநாள் நினைவாக ஓர் இதழின் ஆண்டுச் சந்தாவை ஏற்கலாம்.

நன்கொடையை மருத்துவமனை வரவேற்பறையில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் அங்குள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். தைப்பூசத்திற்குள் முதல் ஆண்டுச் சம்பளம் சேர்ந்துவிட்டால், பங்குனியில் நூலகரை நியமித்துவிடுவோம்.

இப்படிக்கு,
நூலகக் குழுவினர்