பொரிவிளங்காய் உருண்டையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

திருச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்ததும் உன் அம்மா, "நம் வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்காகவா இருந்தது?" என்று கேட்டதை இவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் மட்டும் இடப்பக்கமாகச் சிரித்தேன். ஏனென்று நீயே கேட்டிருக்கிறாய்: "பல் என்னவாயிற்று, பிடுங்கினாயா இல்லையா?"

பிடுங்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்குள் நான் பட்ட பாடு பெரிய கதை. உன் தங்கையும் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவளிடமும் காட்டு.

எல்லாம் என் அம்மா அனுப்பிய பொரிவிளங்காய் உருண்டையால் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, பாளையங்கோட்டை விடுதியில் அதை உடைக்க நாம் அம்மிக்குழவியைத் தேடி அலைந்தது. நான்காம் மாதம், மசக்கை சற்று ஓய்ந்து பசி திரும்பிய நேரம். ஓர் இரவு ஆசையாகக் கடித்தேன். வலப்பக்கக் கீழ்க் கடைவாயில் 'டக்'கென்றது. நாக்கில் உருண்டது பொட்டுக்கடலை என்று நினைத்தேன். துப்பிப் பார்த்தால், கல்லூரி இரண்டாம் ஆண்டில் அடைத்த வெள்ளி. நீதான் அன்று துணைக்கு வந்தாய்.

முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் சுரீரென்றது. அப்புறம் தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நின்றது. ஒரு வாரத்தில் படுத்தால் வலி, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும் என்ற நிலை. இரவு இரண்டு மணிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு கூடத்தில் நடந்திருக்கிறேன். இவர் பாதித் தூக்கத்தில் வந்து, "மருத்துவமனைக்குப் போகலாமா?" என்று கேட்பார். எந்த மருத்துவமனைக்கு, வயிற்றுக்கா பல்லுக்கா என்பது அவருக்கும் தெரியாது.

மறுநாள் பக்கத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். 'கர்ப்பம்' என்ற சொல்லைக் கேட்டதும் கையுறையைக் கழற்றிவிட்டார். "பிரசவம் முடியட்டும் அம்மா, இப்போது ஒன்றும் தொடக்கூடாது" என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வாயைத் திறந்து முழுதாகப் பார்க்கக்கூட இல்லை. பிரசவத்துக்கு இன்னும் ஐந்து மாதம். பல்லுக்குள் நரம்பு வீங்கி வரும் வலிக்கு, கன்னம் வீங்காமல், காய்ச்சல் இல்லாமல் இருக்கும்போது, ஆன்டிபயாட்டிக் தின்று பயனில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஐந்து நாளும் வலி கூடியதுதான் மிச்சம்.

அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். அம்மா போனில், "பிடுங்கிவிடு, ஒரே நாளில் முடிந்துவிடும். எக்ஸ்ரே, ஊசி என்று பிள்ளையைப் பாடாய்ப்படுத்தாதே" என்றாள். அத்தையோ, "பிள்ளைத்தாய்ச்சிக்குப் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது" என்றார். மூன்று பிள்ளை பெற்றதில் அவருக்கு மூன்று பல் போனதாம், பிள்ளைக்கு ஒரு பல் என்பது கணக்காம். பல் போனால் சொல் போகும் என்பார்கள். அத்தைக்கு மூன்று போயும் சொல்லில் ஒரு குறையும் இல்லை. இவர் கைப்பேசியில் தேடித் தேடி, காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி.

கடைசியில் எங்கள் மகப்பேறு மருத்துவரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பல் மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்து, என் எதிரிலேயே அவரிடம் போனில் பேசினார். பதினெட்டு வாரம், ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை ஓடுகிறது, வேறு தொல்லை இல்லை. அவ்வளவுதான் பேச்சு. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அந்தப் பல் மருத்துவர் நம் வயதுப் பெண். நான் உட்கார்ந்ததும், பிடுங்கலாமா, இல்லை பல்லை வைத்துக்கொண்டே வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனல் செய்யலாமா, குழந்தைக்கு எது நல்லது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான், கலா, இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். பிடுங்குவதற்கும் இதே மரத்துப்போகும் ஊசிதான். வேர் எப்படி வளைந்திருக்கிறது என்று பார்க்க அதற்கும் ஒரு எக்ஸ்ரே வேண்டும். ஆகவே குழந்தையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தப் பல் காப்பாற்றத் தக்கதா என்று மட்டும் பார்ப்போம்."

ஒரு நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை. பத்து நாளாக வீடே தவறான கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

எக்ஸ்ரே என்றதும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. வாய்க்குள் வைப்பது தபால்தலை அளவுள்ள ஒரு சிறிய தகடு. கதிர் கன்னத்தை நோக்கித்தான் போகிறது. ஒரு படத்துக்கு ஆகும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரு நாளில் சும்மா நம் மேல் படுகிற அளவுதானாம். எனக்கு உடனே உன் மணவாளக்குறிச்சி ஞாபகம் வந்தது. மோனசைட் மணலில் தோரியம் இருப்பதால் உங்கள் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம் என்று நீ விடுதியில் பெருமை பேசுவாயே! அந்த மணலில் வீடு கட்டி விளையாடிய நீ இரட்டைப் பிள்ளை பெற்று நன்றாகத்தான் இருக்கிறாய். ஈயக் கவசமும் கழுத்துப் பட்டையும் போட்டுவிட்டார்கள். அது குழந்தைக்கோ இல்லையோ, என் மனத்துக்கு வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2013இலேயே இதையெல்லாம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறதாம்: பல் பிடுங்குவது, ரூட் கேனல், சொத்தையை அடைப்பது போன்ற உடனே செய்ய வேண்டிய சிகிச்சைகளைக் கர்ப்ப காலத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், தள்ளிப்போட்டால்தான் சிக்கல் கூடும் என்று. அவசரமில்லாத வேலைக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதி. அதற்கு முன் வாந்தி, அதற்குப் பின் வயிறு.

படத்தைப் பார்த்தார். சொத்தை நரம்பு வரை போயிருந்தது. ஆனால் வேர் இரண்டும் முழுசாக, எலும்பும் நன்றாக இருந்தது. பல்லின் சுவர் மூன்று பக்கம் கெட்டியாக நிற்கிறது, மேலே கேப் என்ற உறை போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும் என்றார். பிடுங்க 600 ரூபாய், ரூட் கேனலுக்கு 4,500, கேப் தனி. "பிடுங்கினால் மலிவு என்று நினைக்காதீர்கள். அந்த இடத்தில் பிறகு பல் கட்டினால் இதைவிட அதிகமாகும்" என்றும் சொன்னார்.

இங்கே எங்கள் மதினியின் கதையையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ரூட் கேனலுக்கு விளம்பரம் எழுதுவதுபோல் ஆகிவிடும். இவருடைய அக்காவுக்கு முந்தைய வருடம் ஆறாம் மாதத்தில் இதேபோல் வலி. அவருக்குப் பல் ஈறுக்குக் கீழே வரை நெடுக்காகப் பிளந்திருந்தது. பிளந்த வேருக்கு என்ன சிகிச்சை செய்தாலும் கிருமி போய்க்கொண்டே இருக்கும். பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம், ரத்தம் தானாக நின்றது. பிள்ளை மூன்று கிலோவில் பிறந்து இப்போது வீட்டில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். ஞானப்பல் படுத்தினாலும் பிடுங்குவதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம். ஒன்பதாம் மாதத்தில் ஒரு மணி நேரம் சாய்ந்து கிடக்க முடியாது என்பவருக்கும் அப்படித்தான் இருக்கலாம். ஆனால் மதினி இன்னும் அந்த ஓட்டையை நிரப்பவில்லை. பக்கத்துப் பல் சாய்ந்து வருகிறது, மேல்பல் கீழே இறங்குகிறது. நான் ஊசிமுனையில் நின்றபோது என்னைத் தள்ளிவிட்டது அவருடைய ஒற்றை வரிதான்: "கீரைகூட அந்தப் பக்கம் மெல்ல முடியவில்லை."

சிகிச்சை அன்று நாற்காலியை முழுக்கப் படுக்க வைக்கவில்லை. வலது இடுப்புக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, உடலை இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்தார்கள். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும், மாதம் ஏற ஏற அது கூடும் என்றார். கீழ்த்தாடையின் உட்புறம் லிக்னோகைன் என்ற மரத்துப்போகும் ஊசி. பாதி உதடு தடித்து என்னுடையதல்ல என்று ஆயிற்று. ஆனாலும் பல்லைத் தொட்டதும் துள்ளினேன். வீங்கிய நரம்பு எளிதில் மரக்காதாம். இன்னொரு ஊசி போட்டார். அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

வாய்க்கு மேல் பச்சை ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டினார்கள். நடுவில் ஒரு துளை, அதன் வழியே அந்த ஒரு பல் மட்டும் தலை நீட்டிக்கொண்டு நின்றது. மருந்துத் தண்ணீரும் பல் தூளும் தொண்டைக்குள் போகாமல் இருக்க அது. இரண்டு வேருக்குள்ளும் சேர்த்து நரம்பு ஓடும் கால்வாய் மூன்று இருந்தது. வேரின் ஆழத்தை எக்ஸ்ரேவுக்குப் பதிலாக ஒரு சிறு கருவி 'பீப் பீப்' என்று கத்தியே சொல்லிவிட்டது. நூல்போன்ற ஊசிகளால் சுரண்டி, கழுவி, உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். முக்கால் மணி நேரம். அன்று இரவு ஒன்பது மணிக்குப் படுத்தவள் காலை ஆறு மணிக்குத்தான் எழுந்தேன்.

அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு மீதியைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கைக்குழந்தையோடு நான் எங்கே வரப் போகிறேன் என்று இரண்டு வாரம் கழித்து வேரையும் அடைத்துக்கொண்டேன். அடைக்கும் பொருளின் பெயர் கட்டா பெர்ச்சா. இலுப்பை, சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மலாய் நாட்டு மரத்தின் பால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு இதைத்தான் உறையாகப் போட்டார்களாம். தொலைபேசி இலாகாக்காரர் இவருக்கு இந்தச் செய்தியில் பெரிய சந்தோஷம், வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குத்தான் துரப்பணச் சத்தத்துக்கு நடுவே வயிற்றில் முதல் உதை தெரிந்தது. கையைத் தூக்கினேன், வலிக்கிறது என்று நினைத்து மருத்துவர் பதறி நிறுத்திவிட்டார். வாய் முழுக்க ரப்பர், சொல்லவும் முடியவில்லை. வயிற்றைச் சுட்டிக் காட்டினேன்.

உன் தங்கைக்கு இதை மட்டும் அழுத்திச் சொல். பல்வலி என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கக்கூடாது. எனக்கு எழுதியது பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூபன், டைக்ளோபெனாக் வகை மாத்திரைகள் ஐந்தாம் மாதத்துக்கு மேல் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும், கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயையும் பாதிக்கக்கூடும். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் பிள்ளையின் பல்லில் கறையேற்றிவிடும். வாந்தி எடுத்த கையோடு பல் துலக்கவும் கூடாதாம். வயிற்று அமிலம் பட்டு இளகிய பல்லைத் தேய்த்தால் தேய்ந்துபோகும். தண்ணீரில் சிட்டிகை சமையல் சோடா போட்டுக் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம். நான் மூன்று மாதம் தலைகீழாகச் செய்திருக்கிறேன். பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச்சத்தை எடுப்பதில்லை என்றதும் அத்தைக்கு வருத்தம், நாற்பது வருடமாகப் பிள்ளைகள் மேல் சொல்லி வந்த கணக்கு பொய்யாகிவிட்டதே!

கேப் பிரசவத்துக்குப் பிறகுதான். அதுவரை இடப்பக்கமே மெல்ல வேண்டும். மிச்சமிருந்த உருண்டைகளை இவர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார், யாருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

அடுத்த மாதம் கடைசி வாரத்தில் வளைகாப்பு. தேதி குறித்ததும் எழுதுகிறேன். இரட்டையர்களையும் அழைத்துக்கொண்டு வந்துவிடு. வரும்போது வடசேரிச் சந்தையிலிருந்து ஒரு சீப்பு மட்டிப் பழம் வாங்கி வா. மெல்லவே வேண்டாம், நாக்கில் வைத்தால் போதும்.

அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவதை மறந்துவிடாதே.

உன்,
செல்வி