கூத்துக்கு இரவைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலை விடுமுறையோடு சேர்த்து எங்கள் திருகோணமலையில் நடந்த கலை விழாவில் காலையிலிருந்து இருட்டும்வரை குடும்பத்தோடு இருந்தோம். ஏற்பாடு செய்தவர்களுக்கு முதலில் நன்றி. இப்படியொரு நாள் வருடா வருடம் வேண்டும் என்ற ஆசையில்தான் ஒரு மனக்குறையையும் எழுதுகிறேன். விழாவுக்கு உயிராக இருந்திருக்க வேண்டிய கூத்தை, நட்ட நடு மத்தியானத்தில் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

மாரியில் கொந்தளிக்கும் எங்கள் கடல் சித்திரைக்குப் பிறகு குளம்போல அடங்கிவிடும். கோட்டைப் பக்கக் கடற்கரையில் பந்தல்கள். கோணேசரைக் கும்பிட்டு இறங்கியவர்களும் வெளிநாட்டுக்காரரும் அப்படியே உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கோட்டை மான்கள் இரண்டு தோரணத்துக் குருத்தோலையை இழுத்துத் தின்ன, பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு பந்தலில் வயதான அம்மா ஒருவர் சாயம் போட்ட சார்வோலையை மெல்லியதாக வார்ந்து பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். என் மகள் பக்கத்தில் குந்திவிட்டாள். "ஒன்று விட்டு ஒன்று எடு பிள்ளை" என்று ஓலையை அவள் கையில் கொடுத்தார். கோணலாகப் போனதும், அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. அந்த நிதானம் மேடையில் இல்லாமல் போனதுதான் கவலை.

மேடையில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று காலை முழுவதும் போய்விட்டது. மூதூர்ப் பக்கக் கிராமமொன்றிலிருந்து வந்த வடமோடிக் கூத்துக் குழுவினர் உடுப்புக் கட்டி, கிரீடம் வைத்து, தகரக் கொட்டகைக்குப் பின்னால் காத்திருந்தார்கள். கச்சான் காற்று அனலாக வீசியது. அரச வேடம் கட்டிய தம்பியின் முகப்பூச்சு வியர்வையில் கரைந்து கழுத்தில் வழிய, பெரியவர் ஒருவர் சால்வையால் ஒற்றி ஒற்றி விட்டார். ஒருவழியாக மேடையேறினார்கள். அரசன் வரவு ஆடி முடித்து, பிற்பாட்டுக்காரர் அடுத்த பாட்டை எடுக்கும்போதே அறிவிப்பாளர் "நேரம் போதாமையால்" என்று நன்றி சொல்லிவிட்டார். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு பேசாமல் இறங்கினார். மாதக்கணக்கில் பழகியிருப்பார்கள். பார்த்தவர்களுக்கோ என்ன கதையென்றே விளங்கவில்லை.

வடமோடி வட்டக்களரிக்கென்றே பிறந்த ஆட்டம். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்க, ஆட்டக்காரர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். சனம் நாலாபக்கமும் இருக்கும். அதை ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில் ஏற்றினால் பாதி ஆட்டம் சுவரைப் பார்த்துத்தான் நடக்கும். மேடைக்குக் கொண்டுவரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கியதால்தான் நகரத்தவர் பலர் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவர் யோசித்து, கதை கெடாமல் சுருக்கினார். இங்கே நடந்தது சுருக்கியது அல்ல, வெட்டியது.

அம்பாப் பாட்டுக்கும் இதே கதிதான். மாணவர்கள் நல்ல குரலில் பாடினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையில் கயிறு இல்லை. கரைவலை இழுக்கும் மூச்சோடு சேர்ந்து வரும் பாட்டு அது. கடல் முன்னாலேயே இருக்க, கரைவலைக்காரரை அழைத்து மணலிலேயே பாடவிட்டிருக்கலாமே!

ஏற்பாட்டாளர்களில் ஒருவரிடம் கேட்டேன். தூரத்திலிருந்து வருபவர்கள் இரவில் எப்படித் திரும்புவார்கள் என்றார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, பாதை என்ற மிதவையில் ஏறி நீரைக் கடந்த காலத்தில், அது நியாயமான கேள்வி. இன்றைக்கு ஒரு பஸ் ஒழுங்கு செய்தால் போதும். பொன்னாடைச் செலவைக் குறைத்தாலே அதற்குக் காசு வந்துவிடும்.

அடுத்த முறை உரைகளைக் காலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் கைப்பணியும் சாப்பாடும் நடக்கட்டும். பொழுதுபட்டதும் மணலில் களரி போட்டு, கூத்துக்கு மூன்று மணித்தியாலமாவது கொடுங்கள். தொடங்க முன்னர் யாராவது கதையைத் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கமாகச் சொன்னால் ஊரில் எல்லோரும் இருந்து பார்ப்பார்கள். கிண்ணியாவிலிருந்து கம்படித்து ஆடும் களிகம்புக் குழுவொன்றையும் அழைத்தால் அதே களரியில் அவர்களும் ஆடலாம். பௌர்ணமியன்று வரும் போயா விடுமுறைக்கு முதல் நாளாகப் பார்த்து வைத்தால் நிலவும் இருக்கும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய கவலையும் இல்லை. பாயும் தேத்தண்ணீர்ப் போத்தலுமாக வர எங்கள் தெருவிலேயே நிறையப் பேர் இருக்கிறோம். களரிக்கு மண் அணைக்க ஆள் வேண்டுமென்றாலும் வருவோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை